ஐந்து கவருக்கு ஒரு பிஸ்கட் சரி, இருபதுக்கு?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். சிறப்புப் பள்ளியில் காகிதக் கவர் ஒட்டப் பழக்குகிறார்கள். 5 கவருக்கு ஒரு பிஸ்கட் என்றபோது ஆசையாக ஒட்டினான். 20 ஆக்கியதும் பசையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறான். சோம்பேறி என்கிறார்கள். ஒரு மையத்தில் ‘ஊக்கப் பயிற்சி’க்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். பிஸ்கட் அதேதான், அதன் விலை நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. 30 ரூபாய் தக்காளி 120 ஆனால் நீங்களும் பையை மடித்துக்கொண்டுதான் வருவீர்கள்.

1997இல் அமெரிக்காவில் டீலியான் என்ற நடத்தை ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரே வகையான இரண்டு தின்பண்டங்கள். வேலை குறைவாக இருந்தவரை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மவுசு. வேலை கூடியதும் ஒன்று மட்டும் முந்தியது. பள்ளிகளிலோ நான்கு பொருளை மேசையில் வைத்து, கை எதன்மேல் போகிறது என்று பார்த்து, அதையே வருஷம் முழுக்கக் கொடுக்கிறார்கள். சும்மா கிடைக்கும்போது எடுத்த பொருளுக்காக 20 கவர் ஒட்டுவானா என்று யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் பாருங்கள். பிஸ்கட், முறுக்கு, பாட்டு என ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது கவரில் எழுந்துவிடுகிறான் என்று குறியுங்கள். அதிகம் தாங்குவதை வைத்து 7, 9 என மெதுவாக ஏற்றுங்கள்.

அந்த மையத்துக்காரரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமப் (சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண் கேளுங்கள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதில் மயங்காதீர்கள், எண்தான் முக்கியம். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முப்பதாயிரம் வாங்குபவருக்கு ஆயிரம் எந்த மூலைக்கு? இதை மாற்ற யாருக்கும் நேரமில்லை.

உழைப்பு கூடினால் எப்போதும் மதிப்பு குறையும் என்றும் எண்ண வேண்டாம். வேலை செய்து பெற்ற பொருள்மேல் சிலருக்குப் பிடிப்பு நிலைக்கிறது. சும்மா கிடைத்தது சீக்கிரம் சலிக்கிறது. அதனால் கவருக்குக் கொடுக்கும் பிஸ்கட்டை வீட்டு டப்பாவில் வைக்காதீர்கள். டிவி பார்க்கும்போதும் அழும்போதும் அதையே நீட்டினால் பள்ளியில் அதற்கு ஏது மதிப்பு? வீட்டுக்கு வேறு தின்பண்டம் வாங்குங்கள். சாப்பாட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பசியில் வைத்து வேலை வாங்கச் சொல்லும் இடத்திலிருந்து பையனை அன்றே கூட்டி வந்துவிடுங்கள். பாட்டி எப்போதாவது கொடுப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். அதையும் தடுக்கப் போனால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.