மாமனாரின் கையெழுத்தில் நிஃப்டி வாங்கலாமா?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 42,000 ரூபாய். மாதம் 25,000 வீதம் 40 மாதம் கட்டும் பத்து லட்ச ரூபாய் சீட்டை எட்டாவது மாதமே ஏலத்தில் தள்ளி எடுத்துவிட்டேன். ஏலத்தில் விட்டுக்கொடுத்த தள்ளு போக 7,20,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. மாமனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார் (மாடி கட்ட என்று சொல்லியிருக்கிறேன்). அவர் அரசுப் பேருந்தில் நடத்துனர். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருப்பதால் சீட்டுக் கம்பெனியில் உடனே ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பணத்தை அப்படியே பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணான நிஃப்டியில் போட்டுவிட்டு, தவணையைச் சம்பளத்தில் கட்டலாம் என்று இருக்கிறேன். நிஃப்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது? இன்டெக்ஸ் ஃபண்ட் நல்லதா, இ.டி.எஃப். நல்லதா? மொத்தமாகப் போடலாமா, மாதாமாதம் போடலாமா? விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம்போல் வாங்கி விற்கும் ஆப்ஷனில் சீக்கிரம் பெருக்கலாம் என்கிறார் நண்பர். சந்தை உச்சத்தில் இருக்கிறதே என்பதுதான் என் ஒரே பயம்.

பதில்: தம்பி, உங்கள் ஒரே பயம் தவறான இடத்தில் இருக்கிறது. இத்தனை கேள்விகளை வரிசையாகக் கேட்ட நீங்கள், கேட்க வேண்டிய ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். மாடி கட்ட என்று சொல்லி ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைக்கு அனுப்பப் போகிறீர்கள். அந்த மனிதர் உங்களுக்குப் பெண் கொடுத்தவர். பெண் கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை வந்து கேட்டால் நம் பக்கத்தில் யாரும் எதற்கு, ஏன் என்று இரண்டாவது முறை கேட்பதில்லை. அப்படிக் கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் அவரிடம் போயிருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் தேடிப் பார்த்தேன், உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவரிடமும் மாடி என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜாமீன் என்பது மரியாதைக்காகப் போடும் கையெழுத்து என்று நம்மில் பலரும் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்பட்டவரின் பொறுப்பும் சமம் என்கிறது. முதலில் உங்களிடம் கேட்டு அலுத்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் சீட்டுக் கம்பெனிக்கு இல்லை. நான்கு வருடச் சர்வீஸ் பாக்கியிருப்பதால் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதுகிறீர்களே, அதற்கு என்ன பொருள் என்று யோசித்தீர்களா? உங்கள் தவணை நின்றால் அவருடைய சம்பளத்தில் கை வைக்க மீதமுள்ள 32 மாதமும் வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். உங்களைவிட அவர்கள் அந்தக் கையெழுத்தைச் சரியாக எடை போட்டிருக்கிறார்கள்.

இனி நிஃப்டிக்கு வருகிறேன். தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களுடைய மதிப்பைக் கூட்டி, அதை 1995 நவம்பர் 3ஆம் தேதியின் மதிப்போடு ஒப்பிட்டு, அன்றைய மதிப்பை 1000 என்று வைத்துக்கொண்டு சொல்லப்படும் எண் அது. எண் 24,000 என்றால் அந்த மதிப்பு 24 மடங்காகியிருக்கிறது என்று பொருள். நிறுவனங்கள் மாறும்போதும் புதுப் பங்குகள் வெளியிடப்படும்போதும் எண் தாவிவிடாதபடி கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். மும்பைச் சந்தையின் சென்செக்ஸும் 30 நிறுவனங்களோடு, 1978-79ஐ 100 என்று வைத்து, இதே வழியில் போகிறது. ஐம்பதுக்கும் சம பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய நிறுவனம் அதிகமாக இழுக்கும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலைச் சீர்பார்த்து, தேய்ந்ததை வெளியே அனுப்பி, வளர்ந்ததை உள்ளே எடுக்கிறார்கள். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது, அடுத்த சீர்பார்ப்புக்குக் காத்திராமல் சில நாட்களிலேயே அதை நீக்கினார்கள். தனிப் பங்கைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறவனுக்கு இந்தக் காப்பு கிடையாது; அதனால் சம்பளக்காரருக்கு ஐம்பதையும் ஒன்றாக வாங்கும் இன்டெக்ஸ் வழியே நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அது உங்களுக்காகவே இருப்பதுபோல் எனக்குப் படுகிறது. ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளையும் அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனர் குடும்பம் விற்காமல் வைத்திருப்பதையும் அரசு வைத்திருப்பதையும் கழித்துவிட்டு, சந்தையில் தாராளமாகக் கைமாறக்கூடியதை மட்டுமே மதிப்பில் சேர்க்கிறார்கள். 2009 ஜூன் முதல் நிஃப்டியில் இதுவே முறை. அதே கழித்தலை உங்கள் 7,20,000 ரூபாய்க்கும் செய்து பாருங்கள். இதுவரை நீங்கள் கட்டியது எட்டுத் தவணை. கழிவு (ஏலத்தில் தள்ளியதில் உங்களுக்கு வரும் பங்கு) போகாமல் பார்த்தாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. மீதி ஐந்து லட்சத்துக்கு மேல் இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் கட்டிய பணம், உங்கள் மாமனாரின் சம்பளத்தை நம்பி உங்களிடம் வந்திருக்கிறது. அது உங்கள் விருப்பத்துக்குக் கைமாற்றக்கூடிய பணமே இல்லை.

சரிவு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய ஆண்டுகளில் பார்க்கலாம். 2008 ஜனவரி 8ஆம் தேதி 6,287இல் முடிந்த நிஃப்டி அக்டோபர் கடைசியில் 2,524இல் முடிந்தது. உங்கள் தொகையை ஜனவரியில் போட்டிருந்தால் தீபாவளிக்கு மூன்று லட்சம்கூட மிஞ்சியிருக்காது. பொறுத்தால் திரும்ப வரும் என்பீர்கள். வந்தது. ஆனால் 32 மாதம் கழித்து, அதாவது 2010 செப்டம்பரிலும், பழைய உயரத்தைத் தொடவில்லை. அந்த நவம்பரில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கி, 2013 கடைசியில்தான் தாண்டியது. பத்து வருடம் பொறுக்கக்கூடியவருக்கு இது சின்ன விஷயம். உங்கள் சீட்டோ 32 மாதத்தில் முடிகிறது, அதுவரை மாதாமாதம் தவணை கேட்கிறது.

தவணையைச் சம்பளத்தில் கட்டிவிடுவேன் என்று ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள். 42,000த்தில் 25,000 போனால் குடும்பம் எதில் ஓடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2020 ஜனவரி நடுவில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23ஆம் தேதி 7,610இல் முடிந்தது. மறுநாள் இரவு ஊரடங்கு அறிவித்தார்கள், திருப்பூரில் தறியும் தையலும் நின்றன. உங்கள் முதலீடு 38 சதவீதம் கரைந்த அதே வாரத்தில் உங்கள் வேலையும் நின்றிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் எப்படி நின்றது என்பதை மெர்ச்சண்டைசரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுமதித் தொழிலில் சம்பளம் வாங்குகிறவருக்குச் சந்தையும் சம்பளமும் ஒன்றாக விழக்கூடும். அப்போது இழுக்கிற ஒரே கயிறு ஜாமீன்தான், அது ஒரு நடத்துனரின் கழுத்தில் கிடக்கிறது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம். 2,80,000 ரூபாய் தள்ளியிருக்கிறீர்கள். கழிவு எல்லோருக்கும் பங்காக வருவதால் முழுவதும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் நாள் போகப்போகத் தள்ளு குறையும், கழிவும் குறையும், நீங்கள் கட்ட வேண்டிய தவணை ஏறும். மருத்துவமனைச் செலவுக்கோ, நிற்கிற வீட்டு வேலைக்கோ இந்த விலை கொடுத்துச் சீட்டு எடுப்பதில் நியாயம் இருக்கிறது. கூடும் குறையும் என்று தெரிந்த ஒன்றை வாங்க, எது நடந்தாலும் கட்டியே தீர வேண்டிய கடனை எடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

ஆகவே மொத்தமாகப் போடவே வேண்டாம். அந்த 7,20,000த்தையும் வைப்புத்தொகையாக்குங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் இரண்டு வங்கிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். சீட்டுத் தவணையை இதிலிருந்து கட்டுங்கள்; கழிவு போகக் கட்ட வேண்டியது ஏறக்குறைய இந்தத் தொகையை ஒட்டியே வரும். வைப்புத்தொகை ரசீதைப் பிணையாக ஏற்றுக்கொண்டு மாமனாரின் கையெழுத்தை விடுவிக்க முடியுமா என்றும் சீட்டுக் கம்பெனியில் கேளுங்கள். இப்போது சம்பளம் முழுவதும் உங்கள் கையில் நிற்கும். அதில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாகச் சேர்த்த பிறகு, மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) ஆகப் போடுங்கள். சுற்றி வளைத்து இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். நீங்கள் சொல்லும் வழியில் கடன் முழுதாக நிற்க, அதற்கு எதிரே இருக்கும் பணம் பாதியாகலாம். நான் சொல்லும் வழியில் கடனும் அதற்கான பணமும் சேர்ந்தே குறைந்து தீரும். ஏறி இறங்குவது உங்கள் உழைப்பில் மிஞ்சிய காசு மட்டும். மாதாமாதம் போடுகிறவருக்கு உச்சம் என்ற பயமும் பெரிதாக வேண்டாம், விழுந்த மாதத்தில் அதே பணத்துக்கு ஃபண்டின் பங்கான யூனிட் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்டெக்ஸ் ஃபண்ட் போதும். பங்குகளை மின்னணுவாக வைக்கும் டீமேட் கணக்கு வேண்டாம், அன்றைய முடிவு விலையில் யூனிட் வந்துவிடும். இ.டி.எஃப். சந்தை நேரத்தில் பங்குபோல் வாங்கி விற்பது. அதற்கு டீமேட் வேண்டும், வாங்கும் விலை உள்மதிப்பிலிருந்து சற்று விலகவும் செய்யும். எல்லா நிஃப்டி ஃபண்டும் அதே ஐம்பதைத்தான் வாங்குகின்றன என்பதால் ஃபண்ட் பிடித்துக்கொள்ளும் செலவு விகிதம் குறைந்ததும் குறியீட்டெண்ணை ஒட்டியே போவதுமான ஒன்றை, தரகு இல்லாத நேரடித் திட்டத்தில் எடுங்கள். நாமினியாக மனைவியின் பெயரை முதல் நாளே எழுதுங்கள். ஆப்ஷன் பற்றிச் சொல்லும் நண்பரிடம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2024 ஆய்வைக் காட்டுங்கள்: மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மாமனாருக்கு டூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், வாங்கிய பணம் இவ்வளவு, சொன்னது பொய், இன்னும் ஒரு ரூபாயும் செலவாகவில்லை என்று பாஸ்புக்கை முன்னால் வைத்துச் சொல்லுங்கள். போனில் சொல்லக் கூடாது, மனைவி வழியாகச் சொல்லி அனுப்பவும் கூடாது. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை. கையெழுத்தை விடுவித்துக் கொடு என்றால் எப்படியாவது விடுவியுங்கள். சொன்னபடி மாடியைக் கட்டு என்றால் கட்டுங்கள், நிஃப்டி காத்திருக்கும். அவர் ஒப்புக்கொண்டு, வைப்புத்தொகை ரசீது கையில் வரும்வரை அந்தக் கணக்கிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.