பிறந்த வருடத்திலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவங்களை மூன்று சிறு கட்டுரைகளாக எழுதி அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்துவிட்டன. நடந்த உண்மையைத்தானே எழுதினேன், இதில் என்ன குறை? இப்படிப்பட்ட நினைவுக் கட்டுரைகள் எழுத எப்படிக் கற்றுக்கொள்வது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று கட்டுரையிலும் முழு வாழ்க்கையையும் எழுதப் பார்த்திருக்கிறீர்கள். பிறந்த ஊர், அப்பாவின் கண்டிப்பு, கஷ்ட ஜீவனம், வேலை கிடைத்தது, கல்யாணம், பிள்ளைகள், கடைசியில் 'இன்று திரும்பிப் பார்க்கையில்' என்று ஒரு பத்தி. இரண்டு பக்கத்துக்குள் அறுபது வருஷம் ஓடுகிறது, படிப்பவர் ஓர் இடத்திலாவது நின்று பார்க்க வழியில்லை. நீங்கள் பிறந்த வருடம் உங்கள் வீட்டாருக்கு முக்கியம். முன்பின் தெரியாத வாசகருக்கு அது வெறும் எண்.

இரண்டாவது கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. சாவுத் தந்தி கொண்டுபோகும்போது உங்கள் ஆபீஸ் பியூன் அந்தத் தெருவுக்குள் சைக்கிள் மணி அடிக்கவே மாட்டார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் பதவி உயர்வுக்குத் தாவிவிட்டீர்கள். ஐயா, கட்டுரை அங்கேதான் இருந்தது! அவர் சைக்கிளை வாசலில் நிறுத்துவாரா, இரண்டு வீடு தள்ளி நிறுத்துவாரா? ரசீதில் முதலில் கையெழுத்து வாங்குவாரா, இல்லை படித்துச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவாரா? இங்கிலீஷ் தெரியாத வீட்டில் அதைப் படித்துச் சொன்னது யார்? ஆபீசுக்குத் திரும்பியதும் உங்களிடம் என்ன பேசினார், அல்லது பேசாமலே அடுத்த கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா? இதெல்லாம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. வாசலில் தந்தி என்ற குரல் கேட்டதும், பிரிப்பதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர் கதையாகக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

'மனம் கனத்தது', 'கண்கள் குளமாயின', 'சொல்லொணாத் துயரம்' – இந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். துக்கத்தை நீங்கள் சொல்லாதபோதுதான் அது படிப்பவருக்கு வந்து சேரும். இன்னொன்று, வார்த்தைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கிய கவுண்டரில் உட்கார்ந்தவர் நீங்கள். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்ற நாலே வார்த்தையில் ஒரு குடும்பமே அடித்துப் பிடித்து ரயிலேறியதைப் பார்த்தவருக்கு, எதை விட வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ள நல்ல இடம் கேட்டால் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்பேன். 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பெரிய புத்தகம்தான், ஆனாலும் தனித்தனிக் காட்சிகளாகவே நகர்கிறது. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் பார்க்கப் போகும் பகுதியை மட்டும் எடுத்துப் படியுங்கள். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார் முதலியார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெயரைச் சொன்னதுமே மதிப்பு வந்துவிடும் என்று இவர் எதிர்பார்க்க, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, என்னென்ன படித்தீர்கள்? அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார், அவர் அசையவே இல்லை, கடைசியில் சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. தமிழ் உலகமே கொண்டாடிய மனிதர், எண்பது வயதுக்கு மேல், தனக்கு இருந்த கர்வத்தையும் அது இறங்கிய விதத்தையும் ஒளிக்காமல் அந்தக் கேள்வி பதிலாகவே எழுதியிருக்கிறார். உங்கள் மூன்று கட்டுரையிலும் நீங்கள் ஒரு தடவைகூடச் சங்கடப்படவில்லை, கவனித்தீர்களா? எல்லா இடத்திலும் நீங்கள் செய்ததே சரியாக இருக்கிறது, அதனாலேயே படிப்பவருக்கு உங்கள்மேல் ஒட்டுதல் வரமாட்டேன் என்கிறது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருஷத்துக்கு முன் ஒருவர் பேசியது அட்சரம் பிசகாமல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்காக வசனமே இல்லாமல் எழுத வேண்டாம், நிச்சயமாக நினைவிருக்கிற இரண்டு மூன்று வாக்கியத்தை அந்த மனிதர் பேசிய தஞ்சாவூர்ப் பேச்சிலேயே போடுங்கள், மற்றதை 'இப்படிச் சொன்னதாக ஞாபகம்' என்று விட்டுவிடலாம். இல்லாததைச் சேர்க்க மட்டும் கூடாது, அப்புறம் அது சிறுகதை ஆகிவிடும். உடன் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள், அவர்களுக்கு வேறு மாதிரி நினைவிருந்தால் அதையும் எழுதலாம். தந்தி வாங்கிய குடும்பங்களின் பெயர், தெரு எதுவும் வேண்டாம், அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள்.

அந்தப் பியூனை மட்டும் வைத்து, ஒரே ஒரு நாள், முந்நூறு வார்த்தைக்குள் எழுதி அனுப்புங்கள். எழுதியதும் முதல் பத்தியை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவது பத்திதான் உண்மையான ஆரம்பமாக இருக்கும். உறையின் மேல் 'ஆசிரியர் பார்வைக்கு' என்று குறிப்பிடுங்கள், நானே பிரித்துப் படிக்கிறேன்.