உப்புக் கிணறும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும்

கேள்வி: 10 மாதப் பையனுக்கு நேற்றிலிருந்து வயிற்றோட்டம். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் துப்புகிறான். கருப்பட்டி சேர்க்கலாமா? கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், காய்ச்சினால் போதுமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட கரிப்பு கூடத்தான் செய்யும். அதில் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்தால் குழந்தைக்குச் சோடியம் அளவு மீறிப் போகும். காவிரித் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்துக் கரையுங்கள். பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர், சின்னதற்கு 200 மி.லி.; உறையில் உள்ள அளவே கணக்கு. பாதிப் பொட்டலம் போடும் சிக்கனம் வேண்டாம், பொடி சமமாகப் பிரியாது. 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கருப்பட்டியும் கூடாது. இனிப்பு மிஞ்சினால் உடம்பிலுள்ள நீரைக் குடல் இழுத்துக்கொள்ளும், போக்கு அதிகமாகும். துப்புகிற பிள்ளைக்கு டம்ளரை விட்டு ஸ்பூனை எடுங்கள்: ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மி.லி. உள்ளே போகவேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தும் மருந்தல்ல, இழந்த நீரை ஈடுகட்டுவது. பெரியவர்கள் போடும் ‘நிறுத்தும்’ மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: இந்த வயதுக்குத் தினம் 20 மி.கி., ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்து, 14 நாள். போக்கு நின்றதுமே பலர் விட்டுவிடுகிறார்கள், முழுக்கக் கொடுங்கள். தாய்ப்பாலும் குழைந்த சோறும் வழக்கம்போல.

கண் குழிந்தாலோ, துவண்டாலோ, 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிள்ளை விழித்திருந்தால் வழியிலும் ஸ்பூனால் புகட்டலாம்.