போலந்தியரின் ‘ஃபைனி’

கேள்வி: என்னுடன் படிக்கும் போலந்து மாணவர்கள் பேச்சுக்குப் பேச்சு ‘ஃபைனி’ என்கிறார்கள். இதன் பொருள் என்ன? ஆங்கில ‘ஃபைன்’தான் அங்கே சென்று திரிந்ததா?

பதில்: இல்லை. மனத்துக்குப் பிடித்த ஆள், இடம், பொருள் எதையும் ‘அருமையான’, ‘நல்ல’ என்று பாராட்டும் பேச்சுவழக்குப் பெயரடை இது. பெண்பாலில் ‘ஃபைனா’ என்றும் நடுப்பாலில் ‘ஃபைனே’ என்றும் மாறும். நேர்த்தியான, நுண்மையான என்று பொருள்படும் ஜெர்மன் ‘ஃபைன்’ என்ற சொல்லே போலிஷ் விகுதி ஏற்று இப்படி ஆயிற்று. அந்த ஜெர்மன் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு வழியாக, எல்லை அல்லது முடிவு எனப் பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. சிறப்பின் எல்லையைத் தொட்டது என்ற கருத்திலிருந்தே ‘நேர்த்தி’ என்னும் பொருள் கிளைத்தது. ஆகவே இவை தாயும் சேயும் அல்ல, ஒரே குடும்பத்துப் பங்காளிகள். எந்தச் சிறப்பைப் பாராட்டுகிறோம் என்பதை இச்சொல் தெளிவாக்குவதில்லை என்பதால், கட்டுரைகளில் இதைத் தவிர்க்குமாறு போலந்து ஆசிரியர்கள் அறிவுறுத்துவது நியாயமே. ஆனால் நண்பர்களின் உரையாடலில் இது தரும் நெருக்கத்தை வேறு சொல் எளிதில் தந்துவிடாது.