கேட்னிப் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். வீட்டில் வளரும் பூனைகளுக்காக, அவற்றை மணத்தால் மயக்கும் கேட்னிப் செடியின் விதையை, ஐப்பசி மழை தொடங்கியதும் முற்றத்துப் பாத்தியில், பயற்றை ஊன்றுவதுபோல் விரற்கடை ஆழத்தில் ஊன்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. மீதி விதையைச் சாடியில் தூவியபோது சில முளைத்து, இரண்டு இலை விட்டதும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. கனடாவிலுள்ள அக்கா மீண்டும் விதை அனுப்புவதாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் இச்செடி வளருமா?

பதில்: வளரும், ஆனால் பல்லாண்டுச் செடியாக நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேட்னிப் துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், குளிர்காலத்தில் தரையோடு பட்டு, வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் ஐரோப்பிய, ஆசியக் குளிர்நிலச் செடியாகும். இரவிலும் வெக்கை தணியாத திருகோணமலையில் அதனை ஒரு பருவச் சாடிப்பயிராகக் கருதுவதே நல்லது என்பது என் கருத்து.

முதல் விதைப்பு தவறியதற்கு ஆழமே முதற்காரணமாக இருக்கலாம். விதை மிகச் சிறியது. 3 மில்லிமீற்றருக்கு மேல் மண் மூடினால் முளை மேலே வரத் திணறும், மாரி மழை அடித்தால் விதையே அடித்துச் செல்லப்படும். மேலும் விதைத்தோல் கடினமானது. ஆகவே விதையைக் கடதாசியில் மடித்து, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, பின்னர் 24 மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு விதைத்தால் தோல் இளகி முளைப்பு சீராகும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளை தெரியும். சில விதைகள் பிந்தியும் வரும் என்பதால் அவசரப்பட்டு மண்ணைக் கிளற வேண்டாம்.

நாற்றுகள் சாய்ந்தது நாற்றழுகல் நோய். மண்ணிலுள்ள பூஞ்சணங்கள், ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த இடத்தில், நெருக்கமாக முளைத்த இளந்தண்டை மண்மட்டத்தில் தாக்குகின்றன. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, வராமல் தடுக்கவே முடியும். தோட்டத்து மண்ணையும் அரைகுறையாக மக்கிய எருவையும் தவிர்த்து, நன்கு கழுவிய தும்புச்சோற்றையும் (தென்னந்தும்புத் தூள்) ஆற்று மணலையும் சமமாகக் கலந்து, அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு விதைகள் மட்டும் இடுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கோப்பைகளைத் தண்ணீர்த் தட்டில் சிறிது நேரம் வைத்து, மேற்பரப்பில் ஈரம் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால், சேகரித்த மழைநீரையே நாற்றுக்குப் பயன்படுத்துங்கள்.

காலத்தையும் மாற்ற வேண்டும். அடைமழை ஓயும் தைப்பொங்கலை ஒட்டிய நாட்களே எங்கள் பகுதியில் ஓரளவு குளிர்ந்தவை. அப்போது விதைத்தால் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்குமுன் செடி வேரூன்றிவிடும். நாலைந்து உண்மை இலைகள் (முளையின் முதலிரு வித்திலைகளுக்குப் பின் வருபவை) வந்ததும் பெரிய சாடிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். பசளை அதிகமானால் இலை பெருத்து மணம் குறையும். நுனியைக் கிள்ளிவிட்டால் செடி புதராகும்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது இலை கசங்கி மணம் வெளிப்படும். அந்த மணத்துக்கே பூனை வந்து புரண்டு செடியை நாசமாக்கும். எனவே சாடியைக் கோழிவலையால் மூடி வையுங்கள். குட்டிப் பூனைகள் சில மாதங்கள் வரை இதனைப் பொருட்படுத்தா. வளர்ந்தவற்றிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பரம்பரையாகவே இதற்கு மயங்குவதில்லை. உங்கள் பூனை அந்த வகையாயின் குறை செடியில் இல்லை.

அக்கா விதை அனுப்புமுன் ஒரு விடயம்: 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி தேவை; தபாலில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், உள்ளூர் விதைக் கடையில் கேட்டுப் பாருங்கள். இடைக்காலத்தில், வேலியோரத்துக் குப்பைமேனியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் பூனைகள் மயங்கும். மோந்து புரள மட்டும் கொடுங்கள், உணவில் கலக்க வேண்டாம்.