டெர்ரிப் பையன் எந்த அயர்லாந்துக்கு ஆட வேண்டும்?

கேள்வி: வட அயர்லாந்தில் பிறந்து, அங்கேயே 21 வயதுக்கு உட்பட்டோர் அணி வரை ஆடிவிட்டு, பிறகு அயர்லாந்துக் குடியரசு அணிக்குப் போனார் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன். இது துரோகம் இல்லையா? டெக்லன் ரைஸ் அயர்லாந்தை விட்டு இங்கிலாந்துக்குப் போனதும் இதே கதைதானா?

துரோகம் இல்லை. இரண்டுமே இல்லை.

2015-இல் நர்ஸ் வேலைக்காக வட அயர்லாந்தின் டெர்ரி நகருக்கு வந்தவள் நான். மெக்லீன் வளர்ந்த க்ரெகன் பகுதி எங்கள் ஊரின் மேட்டில்தான் இருக்கிறது. வந்த புதிதில் நீங்கள் கேட்டதையேதான் நானும் கேட்டேன். நைட் டூட்டியில், விடியற்காலை மூன்று மணி டீக்கு உட்கார்ந்திருந்தோம். கூட இருந்தவர் க்ரெகன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். "சொந்த நாட்டில் பயிற்சி எடுத்துவிட்டுப் பக்கத்து நாட்டுக்கு ஆடப் போகலாமா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "பக்கத்து நாடு எது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த லீவு நாளில் காரில், குடியரசில் இருக்கும் டோனகல் பக்கம் கூட்டிப் போனார். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும். எல்லை எப்போது வரும் என்று கேட்டேன். தாண்டி வந்தாச்சு என்றார். திரும்பி வரும்போது கவனித்துப் பார்த்தேன். சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகிறது, வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுகிறது. அவ்வளவுதான். அவருடைய அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம், அவர் பிறந்த வீடு இந்தப் பக்கம். 1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தப்படி, வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அது அவர்களுடைய பிறப்புரிமை. இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே டிராயரில் வைத்திருப்பவர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள்.

கால்பந்தில் இந்தக் குழப்பம் மெக்லீனோடு ஆரம்பிக்கவில்லை. ஐரிஷ் கால்பந்து சங்கம் 1880-இல் பெல்ஃபாஸ்ட்டில் தொடங்கியது, முழுத் தீவுக்கும் அதுதான் சங்கம். 1921-இல் தீவு பிரிந்தது: வடக்கு பிரிட்டனோடு நின்றது, தெற்கு தனியாகப் போனது. அதே வருடம் டப்ளினில் இன்னொரு சங்கம் வந்தது. இரண்டுமே தங்கள் அணியை 'அயர்லாந்து' என்றுதான் அழைத்தன, இரண்டுமே தீவு முழுவதிலிருந்தும் ஆள் எடுத்தன. ஜானி கேரி 1946 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட்டில் ஒரு அயர்லாந்துக்காக இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். இரண்டே நாள் கழித்து, 30-ஆம் தேதி, டப்ளினில் இன்னொரு அயர்லாந்துக்காக அதே இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். அன்று அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. 1950 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கான் மார்ட்டின் உட்பட நான்கு பேர் இரண்டு அணிக்கும் ஆடிய பிறகுதான் ஃபிஃபா தலையிட்டது. 'வட அயர்லாந்து', 'அயர்லாந்துக் குடியரசு' என்ற பெயர்ப் பிரிவு 1953-இல் வந்தது. ரக்பியில் இன்றும் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான்.

இனி மெக்லீனுக்கு வருகிறேன். அவர் டெர்ரி சிட்டி கிளப்பில் ஆடியவர். எங்கள் ஊர் இருப்பது வட அயர்லாந்தில், ஆனால் எங்கள் கிளப் ஆடுவது தெற்கே உள்ள குடியரசின் லீக்கில். கத்தோலிக்க–புராட்டஸ்டன்ட் கலவரக் காலத்தில் எங்கள் பிராண்டிவெல் மைதானத்துக்கு வந்து ஆடப் பிற அணிகள் மறுத்தன. சொந்த மைதானம் இல்லாமல் 1972-இல் வடக்கு லீக்கை விட்டு விலகிய கிளப், 1985-இல் தெற்கு லீக்கில் சேர்ந்தது. சின்ன வயதிலிருந்து இந்த கிளப்பைப் பார்த்து வளரும் க்ரெகன் பையனுக்கு 'நம்ம அணி' என்று எது மனதில் பதியும்? இரண்டு அணிக்குமே பச்சை ஜெர்சிதான், ஆனால் இவனுக்குப் பதிவது டப்ளின் பச்சை. அவன் நாடு மாறவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. பெல்ஃபாஸ்ட்டின் வின்ட்சர் பார்க்கில் வட அயர்லாந்து ஆடும்போது ஒலிக்கும் கீதம் பிரிட்டிஷ் மன்னருக்கானது. தங்களை ஐரிஷ் என்று கருதும் கத்தோலிக்க வீரர்கள் பலர் தலையைக் குனிந்து பேசாமல் நிற்பார்கள். லர்கன் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கரான நீல் லெனன், கத்தோலிக்கர்களின் கிளப் என்று பெயரெடுத்த கிளாஸ்கோவின் செல்டிக்கில் சேர்ந்த பிறகு, சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 2002 ஆகஸ்டில் சைப்ரஸ் ஆட்டத்துக்கு அவர் கேப்டனாக இறங்க வேண்டிய நாளில் கொலை மிரட்டல் வந்தது. அதோடு வட அயர்லாந்துக்கு ஆடுவதையே நிறுத்திவிட்டார். மெக்லீனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தன் மாதிரி ஒருவன் கேப்டன் பட்டையோடு நிற்க முடியாத மைதானத்தைப் பார்த்த பையனிடம் 'விசுவாசம் எங்கே?' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் நினைவாக நவம்பரில் அணியும் பாப்பி பூவை மெக்லீன் அணியாததைப் பற்றியும் நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். 2014-இல் தன் கிளப் உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் அணிந்துகொள்வேன், ஆனால் அந்தப் பூ பிறகு நடந்த எல்லாப் போர்களுக்கும் சேர்த்துத்தான் என்று. 1972 ஜனவரி 30 அன்று எங்கள் ஊரில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பின்னால் இறந்தார். அவர்களில் ஆறு பேர் க்ரெகன்காரர்கள். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லைக் கடந்துதான் நான் கடைக்குப் போகிறேன். கல்லுக்கு முன்னால் எப்போதும் புதுப் பூ இருக்கும்.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வலியும் உண்மையானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாட்டர்சைடில் இருந்து வரும் இன்னொரு தோழி, வட அயர்லாந்து அணி என்றால் உயிரை விடுவார். "எங்களிடம் இருப்பதே 19 லட்சம் பேர். அதில் பன்னிரண்டு வயதிலிருந்து நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பையன் போய்விட்டால் வேறு யாரைத் தேடுவது?" என்பார். டேரன் கிப்சன், ஷேன் டஃபி, மெக்லீன் மூவருமே டெர்ரிக்காரர்கள், மூவருமே வடக்கின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டுத் தெற்கே போனவர்கள். வடக்குச் சங்கம் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2010-இல், இதேபோல் தெற்கே போன டேனியல் கர்ன்ஸ் வழக்கில் தோற்றது. ஐரிஷ் குடியுரிமை பிறப்பிலேயே இருப்பதால் போகலாம் என்பதுதான் தீர்ப்பு. சட்டம் முடிந்துவிட்டது, தோழியின் ஆதங்கம் முடியவில்லை. லெனனுக்கு நடந்ததைச் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு ரசிகர்களே முன்னின்று மதவெறிப் பாட்டுகளை அடக்கினார்கள் என்பதையும் மறக்காமல் சொல்வார். அது உண்மைதான், பெரிய வேலைதான்.

விதிகள் எதிர்ப்பக்கமாகவும் வெட்டியிருக்கின்றன. ஆலன் கெர்னகன் இங்கிலாந்தில் பிறந்தாலும் வளர்ந்தது வட அயர்லாந்தின் பாங்கரில், பள்ளி அணியில் ஆடியதும் வட அயர்லாந்துக்கு. ஆனால் அவரும் பெற்றோரும் அங்கே பிறக்கவில்லை என்று சீனியர் அணியில் சேர்க்கவில்லை. தாத்தா பாட்டி வழியில் குடியரசு சேர்த்துக்கொண்டது. 1993 நவம்பர் 17, வட அயர்லாந்தில் ஷாங்கில் குண்டுவெடிப்பும் கிரேஸ்டீல் படுகொலையும் நடந்து சில வாரமே ஆன இரவு, வின்ட்சர் பார்க்கில் இரண்டு அயர்லாந்துகளும் மோதின. கெர்னகன் தன் ஊருக்கு மிக அருகிலுள்ள அந்த மைதானத்தில் தெற்கு ஜெர்சியில் நின்று, 90 நிமிடமும் வசவு கேட்டார்.

2016 யூரோவில் இரண்டு அணிகளுமே கடைசி 16 வரை வந்தன. சனிக்கிழமை வடக்குக்கு வேல்ஸோடு ஆட்டம், ஞாயிறு தெற்குக்கு பிரான்ஸோடு. சனிக்கிழமை வாட்டர்சைட் தோழியின் டூட்டியை க்ரெகன்காரர் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை க்ரெகன்காரருடையதைத் தோழி பார்த்தார். இரண்டு அணியும் தோற்றன. திங்கட்கிழமை வார்டில் இருவருக்கும் சேர்த்து நான் கேசரி செய்துகொண்டு போனேன்.

ரைஸ் கதை வேறு. அவர் லண்டன்காரர், அப்பா வழித் தாத்தா பாட்டி கார்க் மாவட்டம். 2018-இல் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடினார், 2019-இல் இங்கிலாந்துக்கு மாறினார். நட்பு ஆட்டங்கள் என்பதால் விதி தடுக்கவில்லை. ஆத்திரப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1988-இல் ஸ்டுட்கார்ட்டில் அயர்லாந்துக்காக இங்கிலாந்தைத் தோற்கடித்த கோலை அடித்த ரே ஹவ்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1990 உலகக் கோப்பை அணியின் கேப்டன் மிக் மெக்கார்த்தி இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்தவர். பிழைப்புக்காகக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து கட்டிய அணி அது. அந்தப் பிள்ளைகளில் சிலர் தாங்கள் வளர்ந்த ஊரே வீடு என்று சொல்லத்தான் செய்வார்கள். என்னைப் பொறுத்தவரை மெக்லீனும் ரைஸும் செய்தது ஒன்றுதான். இருவரும் வளர்ந்த வீட்டுக்குப் போனார்கள்.

2024 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் அயர்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். க்ரெகன்காரர் வீட்டில்தான் பார்த்தேன். இங்கிலாந்தின் இடைக்காலப் பயிற்சியாளர் லீ கார்ஸ்லி, பர்மிங்ஹாமில் பிறந்து அயர்லாந்துக்கு 40 ஆட்டம் ஆடியவர். ரைஸ் பந்தைத் தொடும்போதெல்லாம் மைதானமே ஊளையிட்டது, இங்கே வீட்டிலும் அப்படித்தான். பதினோராவது நிமிடத்தில் முதல் கோலை அடித்ததும் அவரேதான். அடித்துவிட்டுக் கையைக்கூடத் தூக்கவில்லை. இறந்துபோன தாத்தா பாட்டிக்கு மரியாதைக் குறைவாக இருக்கும் என்று கொண்டாடவில்லை என ஆட்டம் முடிந்து சொன்னார். க்ரெகன்காரர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அதைக் கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்துபோய் எங்களுக்கு டீ போட்டார்.