கண்காட்சியில் வைக்கும் முன் விண்ணப்பம் போடுங்கள்

பத்தமடையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், பாய்க் கோரையை ஒரே சீராகக் கிழிக்கும் சிறு கருவி செய்திருக்கிறான். அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சியில் வைக்கிறான். 45,000 ரூபாய் கொடுத்தால் ஆறு மாதத்தில் பேட்டன்ட் (காப்புரிமை) வாங்கித் தருவதாகத் திருநெல்வேலியில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஆறு மாதத்தில் அவர் தரப்போவது பேட்டன்ட் அல்ல. பேட்டன்ட் அலுவலக இதழில் விண்ணப்பம் வெளியான பக்கத்தின் நகல். விண்ணப்பம் 18 மாதத்தில் தானாகவே வெளியாகும். 2,500 ரூபாய் கட்டினால் முன்னதாக வெளியிடுவார்கள், அவ்வளவுதான். அந்தத் தாளை உற்றுப் பாருங்கள்: விண்ணப்ப எண் இருக்கும், தாக்கல் தேதி இருக்கும், வெளியான தேதி இருக்கும். பேட்டன்ட் எண் இருக்காது. கருவி புதியதுதானா என்று அதிகாரி பரிசோதிக்கத் தனி மனு, தனிக் கட்டணம் 4,000 ரூபாய். இந்தத் தரகர்கள் பெரும்பாலும் அந்த மனுவைப் போடுவதே இல்லை. விண்ணப்பித்த 31 மாதத்துக்குள் போடாவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கணக்கு.

வெறும் வடிவத்துக்கான டிசைன் பதிவை 'டிசைன் பேட்டன்ட்' என்று விற்பவர்களும் உண்டு. முகம் தெரியாத நாலு பேரைக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் செருகிவிடுவார்கள். கல்லூரிகளைத் தரம் பார்ப்பவர்கள் பேட்டன்ட் எத்தனை என்று எண்ணிக்கை கேட்கிறார்களே தவிர, அந்தக் கருவி ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதில் வளர்ந்த வியாபாரம் இப்போது பள்ளிப் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது.

உங்கள் உண்மையான ஆபத்து கண்காட்சிதான். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். "கண்காட்சியில் காட்டினாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சலுகை உண்டே" என்பார்கள். உண்டு, 1970ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தின் 31ஆவது பிரிவில். ஆனால் மத்திய அரசு அந்தப் பிரிவின்கீழ் அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும். கலெக்டர் திறந்து வைத்தாலும், கல்வித் துறையே நடத்தினாலும், கொக்கிரகுளம் அறிவியல் மையத்திலேயே வைத்தாலும், அறிவிப்பு இல்லையென்றால் சலுகை இல்லை. பள்ளிக் கண்காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைகளைப் புதிதாக யோசி, யோசி என்று மேடையேற்றுகிறோம். யோசித்ததைக் காப்பாற்றும் வழியை மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

செய்ய வேண்டியது இது. முதலில் கூகுள் பேட்டன்ட்ஸில் இதுபோன்ற கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று மகனையே தேடச் சொல்லுங்கள்; இலவசம். இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்போடு (கருவி என்ன, எப்படி வேலை செய்கிறது என்ற முதல் கட்ட விளக்கம்) சென்னை கிண்டி பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்குத் தாளில் கொடுத்தால் 1,750 ரூபாய், ஆன்லைனில் 1,600. முழு விவரக்குறிப்பு கொடுக்க அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது. விண்ணப்பம் உங்கள் பெயரில் போனாலும், கண்டுபிடித்தவர் மகன் என்றே இருக்கட்டும்.

கோரையைக் கிழிப்பது உங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக உள்ள வேலை, அதற்குப் பேட்டன்ட் கிடைக்காது. கத்திகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, தடித்த கோரை வந்தால் அது எப்படி மாறுகிறது, தண்டு நழுவாமல் எது பிடிக்கிறது: புதுமை அங்கேதான். அதைப் படம் வரைந்து எழுதுங்கள்.

முழு விவரக்குறிப்பு எழுதப் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட் தேவைப்படலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, பேட்டன்ட் அலுவலக இணையதளத்தின் பட்டியலில் பாருங்கள். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை கருவியின் உள்பக்கப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது, பள்ளிக் குழு உட்பட.